பழைய கோப்புக்கு அதன் கணினியும் வேண்டும்

பழைய கோப்புகளைப் பத்திரப்படுத்துவது என்றால் நம்மில் பலரும் செய்வது ஒன்றுதான். சிடியில் இருந்ததை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுவோம், அங்கிருந்து இன்னொரு ஹார்ட் டிஸ்க், முடிந்தால் கிளவுடில் ஒரு நகல். அது கட்டாயம் வேண்டும், அதைச் செய்யாமல் மேற்கொண்டு பேசவே முடியாது. ஆனால் 1998இல் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைத்த ஒரு தமிழ்ப் புத்தகத்தின் கோப்பு ஒரு பைட் கூடக் கெடாமல் இன்று உங்கள் கையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திறக்க பேஜ்மேக்கர் வேண்டும், பேஜ்மேக்கர் ஓட அந்தக் காலத்து விண்டோஸ் வேண்டும், எழுத்து எழுத்தாகத் தெரிய அன்றைக்குப் பயன்படுத்திய அதே எழுத்துரு வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் கையில் இருப்பதை யாராலும் படிக்க முடியாது. அதனால் கோப்போடு சேர்த்து அது உருவான கணினியையும் எடுத்து வைக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு நமக்கு இருக்கும் எளிய வழி வெர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக வி.எம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் இன்றைய மடிக்கணினிக்குள் ஒரு மென்பொருள் இன்னொரு கணினியை உருவாக்கித் தரும். அதற்கென்று தனி நினைவகம், தனி ஹார்ட் டிஸ்க், தனி சிடி டிரைவ் எல்லாம் இருக்கும், அதில் விண்டோஸ் 98ஐயோ 2000ஐயோ நிறுவிக்கொள்ளலாம். அந்த ஹார்ட் டிஸ்க் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஒரு பெரிய கோப்பு. அதை நகலெடுத்தால் முழுக் கணினியையும் நகலெடுத்த மாதிரி. விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், கியூஇஎம்யு இவற்றில் ஏதாவது ஒன்றை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள்.

தமிழுக்கு இது ஏன் மற்ற மொழிகளைவிட அவசரம் என்று சொல்கிறேன். ஆங்கிலத்தில் 1995இல் எழுதிய ஒரு கோப்பை எந்த எடிட்டரில் திறந்தாலும் சொற்களாவது தெரியும். தமிழில் அப்படி இல்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான எண் தரும் யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கொடுத்துவிட்டார்கள் என்றாலும், விண்டோஸில் அது வேலை செய்யத் தொடங்கியது விண்டோஸ் 2000இல் லதா எழுத்துருவோடு வந்தபோதுதான். அச்சுத்தொழிலுக்கு அது வந்து சேர இன்னும் பல வருடங்கள் ஆயின. அதற்கு முன்னால், அதற்குப் பின்னாலும் வெகுகாலம், ஒவ்வொரு நிறுவனமும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தன் விருப்பத்துக்குத் தமிழ் எழுத்தைப் பொருத்தி எழுத்துரு செய்து விற்றது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று இரண்டு குறியாக்கத் தரங்கள், அதாவது எந்த எழுத்துக்கு எந்த இடம் என்ற பொது ஏற்பாடுகள், வந்தன. இணையத்தில் டிஸ்கி என்ற இன்னொரு குறியாக்கம் இருந்தது. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் பாமினி எழுத்துரு பரவியிருந்தது. தரம் வந்ததால், அச்சுக்குப் பக்கங்களைக் கணினியில் தயாரித்துத் தரும் டி.டி.பி. சென்டர்கள் தங்கள் பழைய எழுத்துருவை விட்டுவிடவில்லை, விடவேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. அச்சில் சரியாக வந்தால் போதும் என்பதுதான் அவர்கள் கணக்கு.

பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது ஆங்கில ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லையென்றால் அந்த ஐந்து குறிகள். சரி, இதை யூனிகோடுக்கு மாற்றித் தரத்தான் நிறைய மாற்றிகள் இருக்கின்றனவே, பிறகு எதற்கு வி.எம். என்று கேட்பார்கள். மாற்றி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் மாற்றிக்குப் போகும்போது என்ன தொலைகிறது என்று ஒரு முறை பாருங்கள். ஒரு பக்கத்தில் தமிழ் வாக்கியங்களுக்கு நடுவே ஆங்கிலத்தில் ஒரு மருந்தின் பெயர் இருக்கிறது. பேஜ்மேக்கருக்குள் தமிழ்ப் பகுதிக்கு ஓர் எழுத்துரு, மருந்துப் பெயருக்கு வேறோர் எழுத்துரு. நீங்கள் வெறும் உரையாக வெளியே எடுத்தவுடன் எழுத்துருத் தகவல் போய்விடும். இரண்டும் ஒரே மாதிரி ஆங்கிலக் குறிகள்தான், மாற்றிக்கு எது தமிழ் எது ஆங்கிலம் என்று தெரிய வழியில்லை. அது எல்லாவற்றையும் தமிழாக்கும், மருந்தின் பெயர் அர்த்தமில்லாத எழுத்துக் குவியலாகிவிடும். பழைய பக்கத்தைக் கண்ணால் பார்த்து ஒப்பிட்டால்தான் இது பிடிபடும். ஒப்பிட அந்தப் பக்கம் திறக்க வேண்டும்.

டிஸ்கியில் இன்னும் நுணுக்கமான ஒரு சிக்கல் உண்டு. அதில் 'இ' இருந்தது 173ஆம் இடத்தில். பல மென்பொருள்கள் அந்த இடத்தை வரி உடையும்போது மட்டும் தெரியும் மறைவான இணைகோடாக எடுத்துக்கொள்ளும், அதனால் 'இது', 'இந்த' போன்ற சொற்களில் முதல் எழுத்து திரையில் காணாமல் போகும். பின்னால் வந்த 1.7 பதிப்பில் 'இ'க்கு இன்னோர் இடமும் கொடுத்தார்கள். ஆக, ஒரே டிஸ்கி கோப்பு ஒரு கணினியில் ஒழுங்காகவும் இன்னொன்றில் ஓட்டையாகவும் தெரிந்த காலம் அது. ஆசிரியர் திரையில் என்ன பார்த்தார் என்று அறிய அவர் பார்த்த அதே திரை வேண்டும்.

பேஜ்மேக்கரின் கதை இதற்கு மேல். ஆல்டஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்டது, 1994இல் அடோபி கைக்குப் போனது, 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அடோபியின் இன்னொரு வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன், சி.எஸ்.6 பதிப்பு வரை, பேஜ்மேக்கர் 6, அதற்குப் பிந்தைய பதிப்புகளின் கோப்புகளைத் திறந்தது. அதற்குப் பின் வந்த சி.சி. பதிப்புகளில் அந்த வாசலும் மூடப்பட்டது. 2023 ஜனவரியோடு டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்களுக்கான ஆதரவையும் அடோபி நிறுத்திக்கொண்டது, நம் பழைய தமிழ் எழுத்துருக்களில் அந்த வகையும் உண்டு. நிறுவனத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எந்த நிறுவனமும் 25 வருடத்துக்கு முந்தைய கோப்பைத் திறந்துகொடுத்துக்கொண்டே இருக்காது, அதை எதிர்பார்த்து நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

நான் இதில் இறங்கியது என் அத்தைக்காக. புதுக்கோட்டையில் 90களின் நடுவிலிருந்து டி.டி.பி. சென்டர் நடத்தியவர். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், சிற்றிதழ், உள்ளூர்க் கவிஞர்களின் தொகுப்பு, கோயில் கும்பாபிஷேக மலர் எல்லாம் அவர் கையால் போனவை. கும்பாபிஷேக மலர்களை யாரும் நூலகத்தில் சேர்த்து வைப்பதில்லை. ஆனால் ஓர் ஊரின் கோயில் வரலாறு, திருப்பணிக்குக் கொடுத்தவர்கள், ஊர்ப் பெரியவர்கள் எழுதிய கட்டுரை, எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது அதில்தான். அச்சான மலர் கரையானுக்குப் போயிருக்கும், கோப்பு சிடியில் இருக்கிறது. எனக்கு இது சாதாரண விஷயமாகத் தெரியவில்லை.

எந்த விண்டோஸைப் போடுவது என்பதில் என் பரிந்துரை, முடிந்தவரை விண்டோஸ் 2000. பேஜ்மேக்கர் 6.5, 7 இரண்டும் அதில் ஓடும். முக்கியமாக, அதில் ஆக்டிவேஷன், அதாவது நிறுவியபின் மைக்ரோசாஃப்டிடம் அனுமதி வாங்கும் ஏற்பாடு, கிடையாது. விண்டோஸ் எக்ஸ்.பி.யிலிருந்துதான் அது வந்தது. வி.எம்.மை இன்னொரு கணினிக்கு மாற்றி வன்பொருள் மாறியது போலத் தெரிந்தால் எக்ஸ்.பி. திரும்பவும் அனுமதி கேட்கும், 2045இல் அதற்குப் பதில் சொல்ல யார் இருப்பார்கள்? பழைய தமிழ் விசைப்பலகை மென்பொருள் சில 98இல் மட்டும்தான் ஓடும், அப்போது வேறு வழியில்லை. 98க்கு 256 எம்.பி. நினைவகம் தாராளம், 512ஐத் தாண்டினால் தகராறு செய்யும். விர்ச்சுவல்பாக்ஸில் 98க்கான துணை மென்பொருள் கிடையாது, ஆகவே பகிர்ந்த கோப்புறை வேலை செய்யாது. உள்ளே அனுப்ப வேண்டியதை ஒரு ஐ.எஸ்.ஓ. கோப்பாக்கி சிடி போல மாட்டுங்கள். வெளியே எடுக்க, 98க்கும் இன்றைய கணினிக்கும் புரியும் ஃபேட்32 அமைப்பில் ஒரு இரண்டாவது டிஸ்க் சேர்த்து, வி.எம்.மை நிறுத்திவிட்டு வெளியிலிருந்து அந்த டிஸ்க்கைத் திறந்தால் போதும். நெட்வொர்க்கை அடியோடு துண்டித்து வையுங்கள். பிளாஸ்டர், சாஸர் புழுக்கள் 2003இலும் 2004இலும் எப்படிப் பரவின என்பது நினைவிருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பழைய சிடிக்களில் வைரஸ் இருப்பதும் சகஜம், உள்ளே விடும் முன் இன்றைய கணினியில் ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

இனி நான் நிறைய நேரம் செலவிட்ட இடம். வி.எம். போட்டு வைத்துவிட்டால் என்றைக்கும் ஓடும் என்று நினைத்துவிடக் கூடாது. வி.எம். என்பது பழைய விண்டோஸின் கட்டளைகளைப் பெரும்பாலும் உங்கள் இன்றைய பிராசசரிலேயே நேராக ஓடவிடுகிறது, வேகம் அதனால்தான். எமுலேட்டர் அப்படியில்லை, பிராசசரையே மென்பொருளில் உருவாக்கி ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்து ஓட்டும். மெதுவாக இருக்கும், ஆனால் கீழே எந்த பிராசசர் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. இந்த வேறுபாடு பத்து வருடம் முன்பு பெரிதாகத் தெரியவில்லை. 2020 கடைசியில் ஆப்பிள் இன்டெல் சிப்பை விட்டுத் தன் சொந்த ஆர்ம் சிப்புக்கு மாறத் தொடங்கியதும், பழைய மேக்கில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் வி.எம். புதிய மேக்கில் அப்படியே ஓடாது என்று ஆனது. எமுலேட்டர் தேவைப்பட்டது.

இன்டெல், ஏ.எம்.டி. பக்கமே இருந்தாலும் தப்பவில்லை. விண்டோஸ் 98இன் உள்ளே நினைவக முகவரிகளைப் புதுப்பிக்கும் இடத்தில் ஒரு பிழை இருக்கிறது. அன்றைய பிராசசர்கள் அதைப் பொறுத்துக்கொண்டன. சமீப வருடங்களின் வேகமான சிப்களில் அதே 98 வி.எம். நிறுவும்போதே தாறுமாறாக நின்றுவிடுகிறது. தன்னார்வலர்கள் பேட்சர்9எக்ஸ் என்ற ஒரு திருத்தம் எழுதியிருக்கிறார்கள், அதைப் போட்டால் ஓடும். அல்லது கியூஇஎம்யுவில் வன்பொருள் முடுக்கத்தை (பிராசசரில் நேராக ஓட்டும் வசதியை) அணைத்துவிட்டு முழு எமுலேஷனில் ஓட்டினால் திருத்தமே தேவையில்லை. இது புதிய வகைச் சிக்கலும் இல்லை. விண்டோஸ் 95, ஏ.எம்.டி. கே6-2 சிப் 350 மெகாஹெர்ட்ஸைத் தொட்டபோதே தொடங்க மறுத்தது. உள்ளே இருந்த ஒரு நேரக் கணக்கு அந்த வேகத்தை எதிர்பார்க்கவில்லை. அதாவது வேகமும் அந்தக் கணினியின் ஒரு பகுதி. ஆகையால் நான் ஒவ்வொரு வி.எம்.மையும் விர்ச்சுவல்பாக்ஸில் தயாரித்துவிட்டு, அதே டிஸ்க்கை கியூஇஎம்யுவில் முழு எமுலேஷனில் ஒரு முறை ஓட்டிப் பார்த்த பிறகுதான் முடிந்தது என்று கணக்கில் வைக்கிறேன். பேஜ்மேக்கருக்கு அந்த வேகமே போதும், அது பிறந்த காலத்துக் கணினிகள் அதைவிட மெதுவானவை.

இந்த யோசனை ஒன்றும் நான் கண்டுபிடித்ததில்லை. அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜெஃப் ரோத்தன்பெர்க் 1995இலேயே, கோப்பை மாற்றிக்கொண்டே போவதைவிடப் பழைய கணினியை மென்பொருளில் மீட்டுக்கொண்டு வருவதே வழி என்று வாதிட்டவர். இங்கிலாந்தில் 1086இல் எழுதிய டூம்ஸ்டே நில ஆவணத்தின் 900ஆம் ஆண்டுக்காக பிபிசி 1986இல் நாடு முழுக்கப் பொதுமக்களிடம் தகவல் திரட்டி லேசர் வட்டில் வெளியிட்டது. பதினைந்து வருடத்துக்குள் அதைப் படிக்கும் கருவிகள் அரிதாகிவிட்டன, 1086இன் தோல்சுவடியோ இன்னும் படிக்கக் கிடைக்கிறது. 2002இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ஒரு குழு எமுலேஷன் மூலம் அந்த வட்டை மறுபடி ஓட்டிக் காட்டியது.

நமக்கு இன்னும் நெருக்கமான பெயர் ஒன்று உண்டு, மகாதேவ் சத்தியநாராயணன். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, பிறகு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். அவர் முன்னின்று நடத்திய ஆலிவ் திட்டத்தில் பழைய மென்பொருள்களை அவை ஓடும் இயங்குதளத்தோடு முழு வி.எம்.மாகவே சேமித்தார்கள். வி.எம். கோப்பு பல ஜி.பி. இருக்கும், முழுக்கத் தரவிறக்கினால்தான் ஓடும் என்றால் யாரும் தொடமாட்டார்கள். அதனால் ஓடும்போது எந்தப் பகுதி தேவையோ அதை மட்டும் இணையத்தில் இழுத்துக்கொள்ளும்படி செய்தார்கள். 1997ஆம் வருட வரிக்கணக்கு மென்பொருளும், அமெரிக்க வரலாறு கற்பிக்க அந்தப் பல்கலைக்கழகத்தில் பயன்படுத்திய ஒரு பழைய மென்பொருளும் அதில் இருந்தன. ஃபிரைபர்க் பல்கலைக்கழகமும் யேல் நூலகமும் இதையே உலாவிக்குள் கொண்டுவந்திருக்கின்றன. வாசகர் ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்தால் அதற்குரிய பழைய கணினி சர்வரில் எழுந்து அவர் உலாவியில் தெரியும். நம் பெரிய நூலகங்களும் மின்னூலகத் திட்டங்களும் பக்கங்களை ஸ்கேன் செய்வதில் அருமையான வேலை செய்கின்றன. டி.டி.பி. கோப்புகளையும் அவற்றின் கணினிகளையும் சேர்த்து வாங்கி வைக்கும் ஏற்பாடும் அதே அக்கறையோடு வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சேமிக்கும் முறையில் சில விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வி.எம். மென்பொருள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு டிஸ்க் வடிவம் வைத்திருக்கிறது. அன்றாட வேலைக்கு அது போதும், பெட்டியில் போட்டு வைக்கும் நகலை ரா வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், கியூஇஎம்யு-இமேஜ் என்ற கருவி ஒரே கட்டளையில் செய்துவிடும். ரா என்பது டிஸ்க்கில் இருப்பது இருந்தபடியே வரிசையாக இருக்கும் கோப்பு, எதிர்காலத்தில் யார் வேண்டுமானாலும் புரிந்துகொள்ளலாம். ஸ்னாப்ஷாட்டுகளோடு, அதாவது வி.எம்.மின் அந்தந்த நேரத்து நிலையைப் பதிந்த கோப்புகளோடு, சேமிக்கவே வேண்டாம். ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் முந்தையதன் மேல் தொங்கும், நடுவில் ஒன்று கெட்டால் அதற்கு மேலுள்ளது அத்தனையும் போச்சு. எல்லாவற்றையும் இணைத்து ஒரே டிஸ்க்காக்கி, கோப்பு ஒரு பைட் மாறினாலும் காட்டிக்கொடுக்கும் எஸ்.எச்.ஏ.-256 எண் எடுத்து ஒரு உரைக் கோப்பில் எழுதி வையுங்கள். அதே உரைக் கோப்பில் நினைவக அளவு, எந்தச் சிப்செட், எந்த வீடியோ அட்டை, கடவுச்சொல், எந்தெந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு, எல்லாம் சாதாரண வாக்கியங்களில். மூலக் கோப்புகளை வி.எம்.முக்குள் மட்டும் வைக்காமல் வெளியிலும் தனியே வைக்க வேண்டும்.

டாங்கிள்தான் எனக்கு மனவருத்தம் தரும் இடம். பழைய தமிழ் மென்பொருள் சில பிரின்டர் போர்ட்டில் மாட்டும் ஒரு சிறு பூட்டு இல்லாமல் திறக்காது. இன்றைய மடிக்கணினியில் பிரின்டர் போர்ட்டே கிடையாது, பூட்டு பழுதானால் மாற்றித் தர நிறுவனம் இருப்பதில்லை. காசு கொடுத்து வாங்கியவர் தன் வேலையைத் தானே திறக்க முடியாமல் நிற்கிறார். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சட்டப்படி மென்பொருள் வைத்திருப்பவர் இழப்புக்குப் பாதுகாப்பாகக் காப்பு நகல் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. பூட்டு போட்ட மென்பொருளுக்கு அந்த உரிமை காகிதத்தில்தான் இருக்கிறது. விற்பனையை நிறுத்திவிட்ட நிறுவனங்கள் பூட்டில்லாத கடைசிப் பதிப்பு ஒன்றை வெளியிட்டுவிட்டுப் போகலாம், அதனால் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அத்தை முதல் முறை அந்த வி.எம். முன்னால் உட்கார்ந்தபோது எனக்கு விளங்கிய ஒன்று உண்டு. நான் எல்லாம் தயார் என்று நினைத்து ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திறந்து வைத்திருந்தேன். தமிழ் சரியாகத்தான் தெரிந்தது, மேலே நடுவில் மட்டும் ஆங்கில எழுத்து ஒன்று பெரிதாக நின்றது.

"அத்தை, இங்க ஏன் ஒத்தை 'கே' மட்டும் நிக்குது?"

"அது 'கே' இல்லடா, பிள்ளையார். பட ஃபான்ட்டு தனி சிடியில இருக்கும், அதையும் ஏத்து."

ஏற்றியதும் பிள்ளையார் வந்தார், கீழே குத்துவிளக்கும் ஓரத்தில் மாவிலைத் தோரணமும் வந்தன. இது எந்தக் கையேட்டிலும் இல்லை. அவர் வலது கை மவுஸுக்குப் போகவே இல்லை. பக்கம் மாற்றுவது, பெரிதாக்குவது, தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தாவுவது எல்லாம் விசையிலேயே. எந்த எழுத்துருவை எந்த வாடிக்கையாளருக்குப் பயன்படுத்தினார், கோப்புப் பெயரில் போட்ட சுருக்கம் யாரைக் குறிக்கிறது, கூட்டெழுத்து எதற்கு எந்த எண்ணை ஆல்ட்டோடு அடிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். அவர் வேலை செய்வதைத் திரைப்பதிவாக, குரலோடு எடுத்து வி.எம். பக்கத்திலேயே சேமித்திருக்கிறேன். கணினியை எடுத்து வைத்தாலும் அதை ஓட்டத் தெரிந்தவர் சொல்வதையும் எடுத்து வைக்காவிட்டால், ஐம்பது வருடம் கழித்துத் திறப்பவருக்குப் பிள்ளையார் 'கே'யாகவே இருப்பார். அந்த வேலையைச் செய்த தலைமுறைக்கு இப்போது அறுபதுக்கு மேல். அதனால்தான் அவசரம் என்கிறேன்.

திறந்த பக்கங்களை வெளியே கொண்டுவர நான் செய்வது இது. வி.எம்.முக்குள் ஆப்பிள் லேசர்ரைட்டர் வகை போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரின்டர் ஒன்றை நிறுவி, போர்ட் என்ற இடத்தில் 'ஃபைல்' என்று தேர்ந்தெடுத்தால் அச்சு ஒரு கோப்பாக வந்துவிடும். எழுத்துருவை உள்ளேயே பதிக்கச் சொல்லும் தேர்வை மறக்காமல் போடுங்கள். அந்தக் கோப்பை வெளியே எடுத்து கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளில் கொடுத்தால் பிடிஎஃப். கண்ணுக்கு அச்சு அசல், ஆனால் தேடினால் ஒரு தமிழ்ச் சொல்லும் கிடைக்காது, உள்ளே இருப்பது அதே பழைய குறியாக்கம். ஆகவே பிடிஎஃப் ஒன்று, யூனிகோடு உரை ஒன்று, மூலக் கோப்பு, அது ஓடும் வி.எம்., நான்கும் ஒன்றாக இருக்கட்டும்.

தொடங்க நினைப்பவர்கள் கோப்புகளைத் தேடுவதற்கு முன் நிறுவல் சிடிக்களைத் தேடுங்கள். கோப்பு நான்கு இடத்தில் நகலாக இருக்கும், எழுத்துரு சிடி அநேகமாக ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அதையும் யாராவது பழைய கணினியோடு எடைக்குப் போட்டிருப்பார்கள். கிடைத்தவுடன் கோப்புகளை மட்டும் இழுத்துப் போடாமல் முழு சிடியையும் ஒரே கோப்பாக இமேஜ் எடுங்கள். மேலுறையில் பேனாவால் எழுதியிருக்கும் சீரியல் எண்ணைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் நிறுவல் பாதியில் நிற்கும். பிளாப்பி இருந்தால் யு.எஸ்.பி. பிளாப்பி டிரைவ் இன்னும் வாங்கக் கிடைக்கிறது. முதல் முறை படிக்கும்போதே இமேஜ் எடுத்துவிடுங்கள், பூஞ்சை பிடித்த பிளாப்பி இரண்டாவது முறை படிக்கும் என்று சொல்ல முடியாது.